நெற்றியே காலியில்லை: குழந்தைகளின் மூளை அறுவையில் நிர்ஸ் மானிட்டர்

நெற்றியில் சென்சார் ஒட்டி, அகச்சிவப்பு ஒளியால் மூளை இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீத எண்ணாகக் காட்டுவது நிர்ஸ் மானிட்டர்; மூளை ஆக்சிமீட்டர் என்றும் சொல்வார்கள். குழந்தைகள் நியூரோ தியேட்டருக்கு இதை வாங்கலாமா என்று கேட்கும் மயக்க மருத்துவ நண்பர்கள் அலைநீளம், துல்லியம், எத்தனை சேனல் என்றுதான் விசாரிக்கிறார்கள். அதெல்லாம் கம்பெனிக் கையேட்டிலேயே இருக்கிறது. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சென்சாரை எங்கே ஒட்டப் போகிறீர்கள்?

இதய அறுவையில் இந்தக் கேள்வியே வராது. நெற்றி முழுக்கக் காலி. மூளை அறுவையில் அந்த இடத்துக்குத்தான் போட்டி. மண்டையோட்டு மூட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொண்ட கைக்குழந்தைக்குக் காதுக்குக் காது கீறி, நெற்றித் தோலைக் கண்குழியின் மேல்விளிம்பு வரை உரித்து மடக்குவார்கள். ஒட்ட ஒரு விரற்கடை இடம்கூட மிஞ்சாது. சிறுமூளைக் கட்டிக்காகக் குப்புறப் படுக்க வைத்தால் வேறு தொல்லை. மூன்று வயதுக்குள் மண்டையோடு மெல்லியது என்பதால் மண்டையோட்டில் ஊசி குத்திப் பிடிக்கும் கிளாம்ப்பைப் பெரும்பாலும் தவிர்த்து, குதிரைலாட வடிவத் தலைதாங்கியில்தான் தலையை வைக்கிறோம். தலையின் எடை இறங்குவது நெற்றியில், சென்சார் இருப்பதும் அங்கேயே. மணிக்கணக்கில் அழுந்தினால் அதன் விளிம்பு தோலில் பதிந்து சிவக்கும், சில குழந்தைகளுக்குக் கொப்பளிக்கும். அழுந்திய தோலில் இரத்தம் வற்றி எண்ணும் கெடும். ஏதாவது மாறியதா என்று சரிபார்க்க நினைத்தாலும், மறைப்புத் துணி போர்த்திய பிறகு அங்கே கை போகாது. பெயரில் மூளையை வைத்திருக்கும் ஒரு கருவி, மூளையைத் திறக்கும் தியேட்டரில் இப்படித் திணறுவது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இடம் கிடைத்த கேஸ்களில் இது தரும் உதவியை மறுக்க முடியாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு நாடித் துடிப்பு வேண்டும், இதற்கு வேண்டாம். நெற்றியடியில் உள்ள இரத்தத்தில் முக்கால் பங்கு சிரை இரத்தம் என்பதால், மூளைக்கு வந்த ஆக்சிஜன் எவ்வளவு, அது செலவழித்தது எவ்வளவு என்ற கணக்கின் மீதியைத்தான் இது காட்டுகிறது. விரல் ஆக்சிமீட்டரின் எண்ணான ஸ்பிஓ2 நூறில் நிற்கும்போதே இது 70இலிருந்து 52க்கு இறங்கும். நாம் எதிர்பார்க்காத இடத்தில் இது காட்டிக்கொடுப்பது கழுத்தை. அறுவை மருத்துவர் வசதிக்காகத் தலையை இன்னும் கொஞ்சம் மடக்கியதும் கழுத்துச் சிரை நெரிபட்டு எண் சரியத் தொடங்கும். மோவாய்க்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்படி தளர்த்தினால் ஏறிவிடும். வேறெந்த மானிட்டரும் இதை இவ்வளவு சீக்கிரம் சொல்வதில்லை.

அடிப்படை அளவைக் குறிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அழும் குழந்தையின் நெற்றியில் மயக்கத்துக்கு முன்னால் ஒட்டுவது நடக்காத காரியம். மயக்கம் கொடுத்த கையோடு குறித்தால் நூறு சதவீத ஆக்சிஜனில் எண் உப்பிப்போய் இருக்கும். மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, எஃப்ஐஓ2வை (கொடுக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு) அறுவை முழுக்க வைக்கப்போகும் அளவுக்கு இறக்கி, எண்ட் டைடல் சிஓ2 (வெளிவிடும் மூச்சின் முடிவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு) 35க்கு வந்தபின் குறியுங்கள். குப்புறத் திருப்பிய பிறகு புதிதாகக் குறிக்கவே கூடாது. திருப்பியதால் ஏற்பட்ட சரிவு அதற்குள் மறைந்துபோகும்.

ஒட்டும்போது ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். புருவத்துக்கு மேலே, நடுக்கோட்டை விட்டு விலகி ஒட்ட வேண்டும், நடுவில் பெருஞ்சிரை ஓடுகிறது. பீட்டாடின் வழிந்து உள்ளே போகாதபடி மேலே ஒளிபுகும் ஃபிலிம், அதற்கு மேல் ஒளிபுகாத துணி. அறுவைக்கு இடம் காட்டும் நேவிகேஷன் கேமராவின் அகச்சிவப்பு ஒளியும் உள்ளே புகுந்து எண்ணைக் குழப்பக்கூடும் என்பதால் இந்தத் துணி கட்டாயம்.

அடிப்படையிலிருந்து இருபது சதவீதம் சரிந்தாலோ 50க்குக் கீழே போனாலோ முதலில் கழுத்து. அடுத்து டியூப், தலையை மடக்கினால் அது வலது மூச்சுக்கிளைக்குள் இறங்கியிருக்கலாம். பிறகு சிஓ2. மூளையைச் சுருக்க வேண்டும் என்று வேகமாக மூச்சடித்து 28க்குக் கொண்டுபோயிருந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிட்டன என்று பொருள். அதன் பிறகு இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின். ஏழு கிலோ குழந்தைக்கு மொத்த இரத்தமே 560 மில்லி அளவுதான். 60 மில்லி போனாலே பத்து சதவீதத்துக்கு மேல் போய்விட்டது, துணியில் ஊறியதைக் கண்ணால் அளக்க முடியாது.

எண் நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடையவும் வழியில்லை. பார்ப்பது முன்மூளையின் மேற்பரப்பை மட்டும். திசுவை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர் சிறுமூளையை அழுத்திக்கொண்டிருந்தால் இதற்கு எதுவும் தெரியாது. இரத்தக் குழாய்களைப் பார்க்க ஐசிஜி சாயம் ஏற்றினால் சில நிமிடங்களுக்கு எண்ணை நம்பக் கூடாது. ஆழ்ந்த மயக்கத்திலும் குளிர்ந்த உடலிலும் செலவு குறைவதால் எண் உயரும். மூளைச்சாவு அடைந்தவர்களிடமும் இயல்பு போன்ற எண் பதிவாகியிருக்கிறது. குறைமாதக் குழந்தைகள் 1,601 பேரிடம் நடந்து 2023இல் வெளியான சேஃப்பூஸ்சி-3 (SafeBoosC-III) ஆய்வில், இதை வைத்துச் சிகிச்சை அளித்ததால் மரணமோ கடும் மூளைப் பாதிப்போ குறையவில்லை. அது அறுவை அரங்கின் ஆய்வு அல்லதான். ஆனாலும் இந்த எண்ணைச் சரிசெய்தால் குழந்தை தப்பிக்கும் என்று விற்பனையாளர் சொன்னால் அந்த ஆய்வை அவர் முன்னால் வையுங்கள்.

ஆகவே என் வாக்கு: மூளை அறுவைக்கென்று மட்டும் வாங்குவதானால் வாங்காதீர்கள். ஒருமுறை ஒட்டித் தூக்கியெறியும் சென்சாருக்குக் கொடுக்கும் பணத்தில் தமனிக்குள் குழாய் வைத்து இரத்த அழுத்தம் பார்க்கும் தமனிக் கோடும் அடிக்கடி இரத்த வாயுச் சோதனையும் குழந்தைக்கு அதிகம் பயன்படும். மூளையின் தமனிகள் சுருங்கிக்கொண்டே போகும் மோயாமோயா நோய்க் கேஸ்கள் தொடர்ந்து வரும் தியேட்டருக்கு மட்டும் என் வாக்கு பொருந்தாது. அங்கே கீறல் பொட்டுப் பகுதியில், நெற்றி காலியாக இருக்கிறது. சிஓ2 கொஞ்சம் இறங்கினாலும் அந்த மூளை தாங்காது. இரண்டு பக்கமும் ஒட்டி, சிஓ2வை 40 அருகே வைத்து, மயக்கம் தெளியும் வரை சென்சாரைக் கழற்றாதீர்கள். தெளியும்போது அழுது மூச்சு வாங்குகிற குழந்தைக்கும் சிஓ2 சரியும்.