ஆறு வார லீவும் அடைத்துக்கொண்ட மூத்திரமும்

வெளிநாட்டிலிருந்து ஆறு வார லீவில் ஊருக்கு வந்த நாலாவது நாள் ராத்திரி எனக்கு மூத்திரம் நின்றுபோனது. இரவில் நாலைந்து தடவை எழுந்திருப்பதும், போய் நின்றால் சொட்டுச் சொட்டாக வருவதும் இரண்டு வருஷமாகவே உண்டு. வயசுக்கோளாறு என்று விட்டிருந்தேன். விமானத்தில் பிடித்த ஜலதோஷத்துக்கு மூக்கடைப்பு மாத்திரை வாங்கிப் போட்டதுதான் வினை. அதிலிருந்த சூடோஎபெட்ரின், சிறுநீர்ப்பையின் வாய்த் தசையையும் இறுக்கிவிடுமாம். ப்ராஸ்டேட், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி, பெருத்தவர்கள் அதைத் தொடவே கூடாது என்று, மூத்திரத்தை வெளியேற்ற டியூப் போட்ட பிறகுதான் சொன்னார்கள். வெளியே வந்தது 900 மில்லி. டியூப் போட்ட நர்சின் காலில் விழத் தோன்றியது.

அதுவரை எல்லாம் சரி. மறுநாள் காலையிலேயே பிஎஸ்ஏ என்ற, ப்ராஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். அளவு எகிறியிருந்தது. “புற்றுநோயாகவும் இருக்கலாம், எதற்கும் சீக்கிரம் லேசர் செய்துவிடுவோம்” என்றார் ஒருவர். அவர் மருத்துவர் அல்ல, பேக்கேஜ் பேசுகிறவர். என்ன லேசர், சுரப்பியை எரிப்பீர்களா, குடைந்து எடுப்பீர்களா என்று கேட்டால், “லேட்டஸ்ட் லேசர் சார்” என்பதுதான் பதில். மைத்துனன் என்னைப் பார்த்தான். “அத்தான், கிளம்புவோம்.”

இரண்டாவதாகப் பார்த்த யூராலஜி (சிறுநீர்ப் பாதை) மருத்துவர் அந்த ரிப்போர்ட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். அடைத்துக்கொண்டு டியூப் போட்ட மறுநாள் எடுத்தால் பிஎஸ்ஏ அப்படித்தான் ஏறும், சில வாரம் விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார். விரல் விட்டுப் பரிசோதித்தார், எம்ஆர்ஐ பார்த்தார். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. சுரப்பிதான் 95 கிராம். இளவயதில் 20 கிராம் இருந்திருக்கும்.

முதலில் கத்தியும் இல்லை, லேசரும் இல்லை. டாம்சுலோசின் மாத்திரை கொடுத்து, சில நாள் கழித்து டியூபை எடுத்துப் பார்த்தார்கள். தசையைத் தளர்த்தும் மாத்திரை அது, பலருக்கு அதிலேயே வழி திறந்துவிடும். (கண்புரை ஆபரேஷன் வைத்திருப்பவர்கள் இதைச் சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் நடுவில் கருவிழித்திரை துவண்டுபோய்ச் சிக்கல் பண்ணும்.) சுரப்பியையே சுருக்கும் டூட்டாஸ்டரைடு வகை மாத்திரைகளும் உண்டு. பலன் தெரிய ஆறு மாதம் ஆகும், என்னிடம் இருந்ததோ ஐந்து வாரம். டியூபை எடுத்த அன்று மாலையே மறுபடி அடைத்துக்கொண்டது.

அப்புறம்தான் லேசர் பேச்சு வந்தது. ஒரு தாளில் ஆரஞ்சுப் பழம் வரைந்து காட்டினார். பச்சை லேசர் சதையை ஆவியாக்கிவிடும். ரத்தம் இளக மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது நல்லது, ஆனால் பயாப்சிக்கு அனுப்பச் சதை மிஞ்சாது. ஹோல்மியம் லேசர் சுளையைத் தோலிலிருந்து உரிப்பதுபோல் உள்சதையை முழுசாகக் கழற்றும். அதைச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அரைத்து உறிஞ்சி எடுப்பார்கள். இது ஹோலெப். சுரப்பி எவ்வளவு பெரிதானாலும் செய்யலாம். டியுஆர்பி எனப்படும் பழைய சுரண்டும் முறையும் மட்டமில்லை, 80 கிராமுக்குள் இருந்தால் அதுவே போதும் என்றார். லேசர் என்ற பெயருக்காக யாரும் அலைய வேண்டாம், செய்கிறவருக்கு எது கைவந்தது என்று கேளுங்கள் என்று அவரே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னார். பெரும்பாலோருக்கு இதற்குப் பிறகு விந்து வெளியே வராது, பின்னால் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உறவுக்கோ ஆசைக்கோ பெரும்பாலும் கேடில்லை. கேட்கக் கூச்சமாக இருந்த எனக்கு, கேட்காமலே பதில் கிடைத்தது.

வந்த பதினாறாம் நாள், முதுகில் ஊசி போட்டு ஹோலெப் செய்தார்கள். இரண்டாம் நாள் டியூப் வெளியே. தாரை விழும் சத்தத்தை நானே நின்று கேட்டேன். எரிச்சலும் அவசரமும் இருந்தன, தும்மினால் கசிந்தது. பேடு வைத்துக்கொண்டேன், இடுப்படித் தசையை இறுக்கி விடும் பயிற்சியைத் தினமும் செய்தேன்.

ஆபரேஷன் முடிந்த பன்னிரண்டாம் நாள் திடீரென்று மூத்திரம் சிவப்பாகப் போனது. உள்ளே காய்ந்த பொருக்கு உதிரும் நேரம் அது, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். மறுநாளே தெளிந்துவிட்டது. ஆகாயத்தில் அப்படி நடந்திருந்தால்? லீவின் கடைசி வாரத்தில் ஆபரேஷன் வைத்துக்கொண்டு நேரே விமானம் ஏறுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் தாளில் ‘லேசர் சர்ஜரி’ என்று மட்டும் இருந்தது. ஹோலெப் என்றும், எடுத்த சதை எத்தனை கிராம் என்றும் எழுதி வாங்கினேன். பயாப்சி சாதாரண வீக்கம் என்றது. சுரப்பியின் வெளித்தோல் உள்ளேயே இருப்பதால் பிஎஸ்ஏ பார்ப்பதை நிறுத்தக் கூடாதாம். மூன்றாம் மாதம் எடுக்க வேண்டிய தேதியை, லீவு முடிந்து திரும்பியதும் இங்குள்ள மருத்துவரிடம் கொடுத்துவிட்டேன். பையில் இன்னும் ஒரு பேடு கிடக்கிறது. தும்மலை நம்ப முடியவில்லை.