சுங்கை பூலோவா, புலாவ் உபினா?

ஊரிலிருந்து மாமா குடும்பம் வருகிறது. பறவை பார்க்க ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்கும். சிங்கப்பூரில் எங்கே கூட்டிப்போவது? அவர்கள் அங்கே எதையெல்லாம் பார்த்துப் பழகியவர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நான் முடிவு செய்வேன்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு ஈடு இங்கே வேறில்லை. வடக்கே ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்த உப்புக்கொத்தி, உள்ளான் போன்ற கரைப்பறவைகள் ஆஸ்திரேலியா வரை நீளும் வலசைப் பாதையில் இங்கே இறங்கி இரை தேடுகின்றன. முன்பு இறால் வளர்த்த குளங்கள் இவை. இங்கே பறவைகள் வருவதை 1986இல் பறவை ஆர்வலர்கள் கண்டு சொன்னார்கள். 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியானது.

இங்கே அதிகாலையில் எழுவதைவிடக் கடல் எப்போது ஏறும் என்று பார்த்து வைப்பதே முக்கியம். ஜொகூர் நீரிணையில் நீர் ஏறினால் வெளியே இருக்கும் சேற்றுப்பரப்பு மூழ்கிவிடும். மதகு வைத்து நீர்மட்டத்தைக் குறைத்திருக்கும் குளங்களுக்குள் பறவைகள் கூட்டமாக ஒதுங்கும். மறைவுக்குடிலில் உட்கார்ந்தபடியே பவளக்காலியையும் பச்சைக்காலியையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். நீர் வற்றிய நேரத்தில் போனால் அதே குளம் வெறிச்சோடிக் கிடக்கும். பாதை சமதளம், அனுமதி இலவசம். பெரியவர்களுக்குச் சிரமமில்லை. முதலை கண்ணில் பட்டால் பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

ஆனால் மாமா கோடியக்கரையில் உள்ளான்களைப் பார்த்து வளர்ந்தவர் என்றால்? அவரைக் கட்டாயம் உபின் தீவுக்குத்தான் கூட்டிப்போவேன். அங்கே காணும் கருப்பு வெள்ளை இருவாச்சி தமிழ்நாட்டில் இல்லாத இனம். சிங்கப்பூரிலும் நூறாண்டுக்கு மேல் இல்லாமல் போயிருந்தது. 1994இல் உபினில் மறுபடி தென்பட்டது. பிறகு கூட்டுப்பெட்டிகள் வைத்துப் பெருக்கினார்கள். இப்போது உபினுக்குப் படகு கிளம்பும் சாங்கி கிராமத்து மரங்களிலேயே பார்த்துவிடலாம் என்பதால், இருவாச்சிக்காக மட்டும் படகேற வேண்டியதில்லை.

நான் படகேறுவது வைக்கோல் நிறத் தலை கொண்ட கொண்டைக்குருவிக்காக. அதன் பாட்டு அவ்வளவு இனிமை. அந்த இனிமையே அதற்கு எமனானது. கூண்டில் அடைத்துப் பாடவைக்கப் பிடித்துப் பிடித்தே தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டில் அதை இல்லாமலாக்கிவிட்டார்கள். 2018இல் உலகச் செம்பட்டியலில் மிக மோசமான அழிவாபத்தில் உள்ள இனங்களோடு சேர்த்தார்கள். அது இன்னும் துணையோடு சேர்ந்து பாடும் சில இடங்களில் உபின் முக்கியமானது. இதற்கு இணையாக எந்தப் பயணத்திலும் எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. பதிவுசெய்த குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அதை வரவழைக்க வேண்டாம். தன் எல்லையைக் காக்கப் பதறி ஓடிவந்து களைத்துப்போகும்.

புக்கிட் தீமா, மெக்ரிச்சி காடுகளை மூன்றாவதாகத்தான் வைப்பேன். துடுப்புவால் கரிச்சான் அழகுதான். ஆனால் பெரும்பாலான பறவைகள் மர உச்சியில், குரலாக மட்டுமே இருக்கும். குரல் பழகாதவருக்குக் கழுத்துவலிதான் மிஞ்சும்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது: வலசைப் பறவைகள் பெரும்பாலும் போயிருக்கும், உபின்தான். தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி கிராமம் போய்ப் படகேறலாம். பொதுவாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். கையில் ரொக்கம் வைத்திருங்கள். சுங்கை பூலோவுக்கு கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 925ஆம் எண் பேருந்து.