கடைசி நேரத்தில் ஆள் மாறினால்: நான்கு பே-பெர்-வியூக்கள், நான்கு தீர்வுகள்

ரெஸ்லிங்கில் முடிவை முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். ஆனால் காய்ச்சலையும் எலும்பு முறிவையும் யாரும் எழுதி வைப்பதில்லை. ரா, ஸ்மாக்டவுன் என்ற வாராந்தர டிவி நிகழ்ச்சிகளில் வாரக்கணக்கில் வளர்த்த பகை, காசு கட்டிப் பார்க்கும் பெரிய நிகழ்ச்சியான பே-பெர்-வியூவில் தீரப்போகிறது என்று டிக்கெட் விற்றாகிவிட்டது. போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. நிகழ்ச்சி ஞாயிறு. போஸ்டரில் இருப்பவர் வரமாட்டார் என்று வெள்ளிக்கிழமை தெரிகிறது. என்ன செய்வது?

அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ இந்த இக்கட்டில் பலமுறை மாட்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வழியில் வெளியே வந்திருக்கிறது. அவற்றில் நான்கை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: 2017 டிஎல்சி, 2018 சர்வைவர் சீரிஸ், 2021 சம்மர்ஸ்லாம், 2022 டே ஒன். அன்றைக்கு அரங்கம் எவ்வளவு கத்தியது என்பதை வைத்துத்தான் ரசிகர்களில் பலர் இவற்றை எடைபோடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. வராத ஆளால் விழுந்த பள்ளத்தை நிரப்ப எங்கிருந்தாவது மண் எடுத்தாக வேண்டும். யாருடைய நிலத்தில் தோண்டினார்கள் என்பதுதான் என் அளவுகோல்.

முதலில் டிஎல்சி. 2017 அக்டோபர் 22, மினியாபொலிஸ் டார்கெட் சென்டர். 2014-இல் உடைந்த ஷீல்டு கூட்டணி இரண்டு வாரம் முன்புதான் மறுபடி கைகோத்திருந்தது. ரோமன் ரெய்ன்ஸ், செத் ரோலின்ஸ், டீன் ஆம்ப்ரோஸ் மூவரும் ஒரு பக்கம். எதிரே பிரான் ஸ்ட்ரோமன், கேன், மிஸ், ஷேமஸ், செசாரோ என்று ஐந்து பேர். டிஎல்சி என்றால் மேசை, ஏணி, நாற்காலி எல்லாவற்றையும் ஆயுதமாக்கலாம். அதே கார்டில் (அன்றைய போட்டிப் பட்டியலில்) ஃபின் பாலருக்கு எதிராகப் பிரே வயட், ‘சிஸ்டர் அபிகெயில்’ என்ற புது வேடத்தில் வருவதாக இருந்தது. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் ரெய்ன்ஸ், வயட் இருவருமே உடல்நலக் காரணத்தால் ஆட முடியாது என்று அறிவிப்பு வந்தது. இரவின் தலையாய போட்டியான மெயின் ஈவென்ட்டிலும் ஓட்டை, அதற்கு அடுத்த பெரிய போட்டியிலும் ஓட்டை.

நிரப்பிய விதம்தான் அழகு. ரெய்ன்ஸ் இடத்துக்கு வந்தவர் கர்ட் ஆங்கிள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். அந்த நேரத்தில் ராவின் ஜெனரல் மேனேஜராகக் கோட் சூட்டில் வலம் வந்துகொண்டிருந்தவர். 2006-க்குப் பிறகு டபிள்யூடபிள்யூஇ ரிங்கில் ஒரு போட்டிகூட ஆடாதவர். அவர் மறுபடி எப்போது ஆடுவார் என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஷீல்டின் கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு, ரோலின்ஸுக்கும் ஆம்ப்ரோஸுக்கும் நடுவில், ஷீல்டு வழக்கப்படி கூட்டத்துக்குள் புகுந்து அவர் இறங்கி வந்தபோது வயது 48. அந்த உடையில் அவர் கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரிகூடத் தெரிந்தது. ஆனால் முகத்தில் இருந்த சந்தோஷத்தை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

வயட் இடத்துக்கு ஏஜே ஸ்டைல்ஸ். ராவுக்கும் ஸ்மாக்டவுனுக்கும் தனித்தனி ஆட்கள். அவர் ஸ்மாக்டவுன் ஆள். இது ரா நிகழ்ச்சி. தென் அமெரிக்காவில் ஷோ ஆடிக்கொண்டிருந்தவர் அங்கிருந்து விமானம் பிடித்து வந்தார். ஜப்பானில் புல்லட் கிளப் என்ற கூட்டணியை ஆரம்பித்தவர் பாலர், அவருக்குப் பின் அதை நடத்தியவர் ஸ்டைல்ஸ். இருவரும் அதுவரை ஒற்றைக்கு ஒற்றை மோதியதே இல்லை. எந்த முன்கதையும் இல்லாமலே அரங்கம் தீப்பிடித்தது. பாலர் ஜெயித்தார். முடிந்ததும் இருவரும் விரல் நுனிகளைத் தொட்டு அந்தக் கிளப்பின் பழைய ‘டூ ஸ்வீட்’ சைகையைக் காட்டினார்கள்.

குறை இல்லாமல் இல்லை. மெயின் ஈவென்ட்டில் ஸ்ட்ரோமனைக் குப்பை லாரிக்குள் தூக்கிப் போட்டது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. ஆங்கிளை மேசை மேல் போட்டு உடைத்து, போட்டியின் நடுப்பகுதி முழுக்க உள்ளே அனுப்பிவிட்டார்கள். கடைசியில்தான் திரும்பி வந்து மிஸ்ஸைப் பின் செய்தார் (மூன்று எண்ணும்வரை தோள்களைத் தரையில் அழுத்தி வென்றார்). நிஜமாக நஷ்டப்பட்டவர் வயட் ஒருவர்தான். அந்த அபிகெயில் வேடம் அப்புறம் ரிங்குக்கு வரவே இல்லை. மற்றபடி இந்த மாற்றத்தில் யாருடைய பெல்ட்டும் (சாம்பியன் பட்டமும்) பறிபோகவில்லை, யாருடைய வளர்ச்சியும் நிற்கவில்லை. ஷீல்டு மூவரும் அடுத்த மாதம் சர்வைவர் சீரிஸில் சேர்ந்தே ஆடினார்கள்.

2018 சர்வைவர் சீரிஸின் கதை வேறு. நவம்பர் 18, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேபிள்ஸ் சென்டர். ரா மகளிர் சாம்பியன் ரோண்டா ரவுஸிக்கு எதிராக ஸ்மாக்டவுன் மகளிர் சாம்பியன் பெக்கி லிஞ்ச். அந்த வருடக் கோடையில் பெக்கியை வில்லியாக்கப் பார்த்தார்கள், கூட்டம் கேட்கவில்லை. அவரைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடியது. நவம்பர் 12 ராவில் ஸ்மாக்டவுன் பெண்கள் படையெடுத்து வந்து கைகலப்பு நடந்தபோது, ரா வீராங்கனை நயா ஜாக்ஸின் குத்து ஒன்று நிஜமாகவே பெக்கியின் முகத்தில் விழுந்தது. முகத்தில் எலும்பு முறிவு, தலையில் கடும் அதிர்ச்சி. அந்த நிலையிலும் பெக்கி எழுந்து ரவுஸியை நாற்காலியால் அடித்தார். அப்புறம் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் முகமெல்லாம் பரவியிருக்க, பார்வையாளர் படிக்கட்டில் நின்று இரண்டு கையையும் விரித்துச் சிரித்தார். அந்த ஒரு படம் போதும். பெக்கி யார் என்று புதிதாகப் பார்ப்பவருக்கும் புரிந்துவிடும்.

மறுநாள் ஸ்மாக்டவுனில் மாற்று ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கதைக்குள்ளேயே பெக்கியிடம் கொடுத்தார்கள். அவர் கை காட்டியது சார்லட் ஃபிளேரை. முன்னாள் தோழி, அந்த இலையுதிர்காலம் முழுக்கப் பரம எதிரி. எழுத்து வேலையாக இதை நான் மிகவும் மதிக்கிறேன். வேறு யாரை அனுப்பியிருந்தாலும் ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற அறிவிப்பாக முடிந்திருக்கும். சார்லட் வந்ததால் மூவருக்குமான புதுக் கதைக்கு விதை விழுந்தது. போட்டியிலும் சார்லட் ரவுஸியை ஜெயிக்கவில்லை. கெண்டோ குச்சியை எடுத்து விளாசித் தகுதியிழந்தார். ரவுஸி அடிபட்டார், ஆனால் தோற்கவில்லை. சார்லட் தோற்றார், ஆனால் சிறுக்கவில்லை. பெக்கி ரிங்கில் இல்லாமலே இன்னும் உயரத்துக்குப் போனார்.

பலன் ஐந்து மாதத்தில் தெரிந்தது. 2019 ஜனவரி ராயல் ரம்பிளில் (வென்றவருக்கு வருடத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் பட்டப் போட்டி), காயம்பட்ட லானாவின் இடத்தில் புகுந்து பெக்கி ஜெயித்தார் (அதுவும் ஓர் ஆள்மாற்றம்தான்). ஏப்ரல் 7 அன்று ரெஸில்மேனியா 35-இல் பெண்கள் முதன்முறையாக மெயின் ஈவென்ட் ஆடினார்கள்: ரவுஸி, சார்லட், பெக்கி. பெக்கி இரண்டு பெல்ட்டோடு வெளியே வந்தார். சர்வைவர் சீரிஸில் ரவுஸியும் பெக்கியும் மோதியிருந்தால் இந்தப் பசி இவ்வளவு இருந்திருக்காது.

அதே நிகழ்ச்சியில் இன்னொரு மாற்றமும் நடந்தது, யாருக்கும் காயமில்லாமல். ராவின் யூனிவர்சல் சாம்பியன் பிராக் லெஸ்னரோடு மோத வேண்டிய டபிள்யூடபிள்யூஇ சாம்பியன் ஏஜே ஸ்டைல்ஸிடமிருந்து, அதே நவம்பர் 13 அன்று டேனியல் பிரையன் அடிவயிற்றில் அடித்துப் பெல்ட்டைப் பிடுங்கினார். ஸ்டைல்ஸும் லெஸ்னரும் முந்தின வருடமே மோதியிருந்தார்கள் என்பதால் கார்டுக்கு இது லாபம். போட்டியும் பிரமாதம்.

இடையில் 2020 ரெஸில்மேனியா 36 வருகிறது. கோல்ட்பெர்க்கோடு மோத வேண்டிய ரெய்ன்ஸ் விலக, எந்த விளக்கமும் இல்லாமல் பிரான் ஸ்ட்ரோமன் வந்து, பெர்ஃபாமன்ஸ் சென்டர் என்ற நிறுவனப் பயிற்சிக் கூடத்தில், பார்வையாளர் இல்லாமல், சில நிமிடத்தில் பெல்ட்டை வாங்கினார். கொரோனாவின் ஆரம்ப நாட்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சம்மர்ஸ்லாம் 2021 அப்படியில்லை. ஆகஸ்ட் 21, லாஸ் வேகஸ் அலீஜியன்ட் ஸ்டேடியம், நிறைந்த கூட்டம். அந்த ஏப்ரலில் ரெஸில்மேனியா மெயின் ஈவென்ட்டில் சாஷா பேங்க்ஸை வீழ்த்திச் சாம்பியனான பியான்கா பெலேர், மறுபடி சாஷாவைச் சந்திக்க வேண்டும். சாஷா வரவில்லை. இது ரசிகர்களுக்குத் தெரிந்ததே போட்டி தொடங்கும் நேரத்தில்தான். கார்மெல்லா பதிலாக வந்தார், அரங்கம் சலித்துக்கொண்டது. அப்போது பெக்கி லிஞ்சின் இசை ஒலித்தது. கர்ப்பம், குழந்தை என்று பதினைந்து மாதம் விலகியிருந்தவர். கூரை பறக்கிற சத்தம். கார்மெல்லாவை அடித்துத் துரத்தினார், பியான்காவைச் சவாலுக்கு அழைத்தார், மணி அடித்த 26 நொடியில் ஜெயித்துவிட்டார்.

அன்றிரவு அரங்கில் இருந்தவர்களைக் கேட்டால் அந்த வரவேற்பு மறக்கவே முடியாதது என்பார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். முந்தின நாள்தான் சிஎம் பங்க் ஏழு வருடத்துக்குப் பிறகு போட்டி நிறுவனமான ஏஇடபிள்யூவில் வந்து இறங்கியிருந்தார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற அவசரம் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பெக்கி தலை காட்டியதே போதுமே! போட்டி தேவையே இல்லை. சவால் விட்டுவிட்டு, அடுத்த பே-பெர்-வியூவுக்குத் தேதி குறித்திருக்கலாம். நாலு மாதம் கஷ்டப்பட்டு உருவாக்கிய சாம்பியன், நின்று சண்டை போடக்கூட வாய்ப்பில்லாமல் 26 நொடியில் விழுந்தார். பியான்கா இதற்குக் கணக்குத் தீர்க்க 2022 ஏப்ரல் 2, ரெஸில்மேனியா 38 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணக்கு அருமையாகத் தீர்ந்தது என்பதற்காக முதல் நாள் செய்தது சரியாகிவிடாது.

கடைசியாக டே ஒன். 2022 ஜனவரி 1, அட்லாண்டா ஸ்டேட் ஃபார்ம் அரீனா. யூனிவர்சல் பெல்ட்டுக்காக ரெய்ன்ஸும் லெஸ்னரும் மோத வேண்டும். நிகழ்ச்சி நாளன்றே ரெய்ன்ஸுக்குக் கொரோனா உறுதியானது. இந்தியாவில் ஞாயிறு காலை எழுந்து டிவி போட்ட பலருக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. லெஸ்னரை என்ன செய்வது? தூக்கி டபிள்யூடபிள்யூஇ சாம்பியன்ஷிப் போட்டியில் போட்டார்கள். சாம்பியன் பிக் ஈ, செத் ரோலின்ஸ், கெவின் ஓவன்ஸ், பாபி லாஷ்லி என்று நால்வர் ஆட வேண்டியது ஐவர் போட்டி ஆனது. எட்டு நிமிடம் சொச்சம். லெஸ்னர் எஃப்-5 என்ற தன் முத்திரை அடியைப் போட்டு, பிக் ஈயையே பின் செய்து பெல்ட்டை எடுத்துக்கொண்டார்.

நான்கில் எனக்கு மனதை உறுத்துவது இதுதான். நியூ டே கூட்டணியில் வருடக்கணக்கில் சிரிக்கவைத்த பிக் ஈ, 2021 செப்டம்பர் 13 அன்று பாஸ்டனில் மணி இன் தி பேங்க் ஒப்பந்தத்தை (நினைத்த நேரத்தில் பட்டப் போட்டி கேட்கும் உரிமையை) பயன்படுத்தி லாஷ்லியிடமிருந்து பெல்ட்டை வென்றவர். கோஃபி கிங்ஸ்டனும் சேவியர் வுட்ஸும் ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். ஐந்து பேர் இருக்கும் போட்டியில் சாம்பியன் தோற்காமலே பெல்ட் கைமாறலாம். லெஸ்னர் ஓவன்ஸைப் பின் செய்திருந்தாலும் பெல்ட் அவருக்குத்தான். அந்தச் சின்னக் கரிசனம்கூடக் காட்டவில்லை. பிக் ஈ அந்த மாதமே டேக் டீம் (இருவர் அணி) போட்டிகளுக்குத் திரும்பினார். மார்ச் 11 ஸ்மாக்டவுனில் கழுத்து எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் ரிங்குக்கு வரவில்லை. காயம் வரும் என்று ஜனவரியில் யாருக்கும் தெரியாதுதான். ஆனால் நாளைக்குத் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவரிடமிருந்து எடுக்கும்போது, அந்த நாளை வராமலும் போகலாம்.

வணிகமாகப் பார்த்தால் டே ஒன் வெற்றி என்று வாதிடுவோர் உண்டு. லெஸ்னர் சாம்பியன் ஆனதால்தான் ரெஸில்மேனியா 38-இல் ரெய்ன்ஸின் யூனிவர்சல் பெல்ட், லெஸ்னரின் பெல்ட் இரண்டும் மோதும் போட்டி கிடைத்தது என்பார்கள். நடந்ததைப் பாருங்கள். ஜனவரி 29 ராயல் ரம்பிளில் அதே பெல்ட்டை லெஸ்னர் லாஷ்லியிடம் இழந்தார். பிப்ரவரி 19 அன்று ஜெட்டாவில் எலிமினேஷன் சேம்பர் நிகழ்ச்சியில் மறுபடி வாங்கினார். ஆக ரெஸில்மேனியாவுக்குத் தேவைப்பட்டது பிப்ரவரி வெற்றிதான். ஜனவரி 1 வெற்றி இல்லாமலே அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

என் வரிசையில் சர்வைவர் சீரிஸ் 2018 முதலில், டிஎல்சி மிக நெருங்கி இரண்டாவது. அன்றிரவின் சந்தோஷத்தை மட்டும் எண்ணினால் டிஎல்சிதான் மேலே. ஆனால் ஆங்கிளும் ஸ்டைல்ஸும் கொடுத்தது ஒரு இரவு விருந்து. சார்லட்டைத் தேர்ந்தெடுத்தது ஐந்து மாதம் ஓடிய கதை. சம்மர்ஸ்லாம் ரொம்பத் தள்ளி மூன்றாவது. இன்னொரு வித்தியாசமும் உண்டு: முதல் இரண்டிலும் ரசிகருக்கு முன்கூட்டியே உண்மையைச் சொன்னார்கள். சாஷா விஷயத்தில் கடைசி நொடிவரை மூடி வைத்தார்கள். காசு கொடுத்து வந்தவருக்கு அது மரியாதையில்லை. டே ஒன்னில் அந்தக் குற்றம் இல்லை. டெஸ்ட் முடிவு அன்றைக்குத்தான் வந்தது.

அன்று ஒரு மாற்று வழி கண்ணெதிரே இருந்தது. லெஸ்னரும் லாஷ்லியும் அதுவரை ஒற்றைக்கு ஒற்றை மோதியதே இல்லை. ரசிகர்கள் வருடக்கணக்கில் கேட்ட போட்டி அது. பிக் ஈ போட்டியில் லாஷ்லி கடைசியாகச் சேர்க்கப்பட்டவர்தான். அவரை வெளியே எடுத்து லெஸ்னருக்கு எதிரே நிறுத்தியிருந்தால், அட்லாண்டா ரசிகருக்கு ரெய்ன்ஸுக்கு ஈடான ஒரு போட்டி கிடைத்திருக்கும். பிக் ஈ, ரோலின்ஸ், ஓவன்ஸ் மூவரும் முதலில் திட்டமிட்டபடியே ஆடியிருப்பார்கள். ராயல் ரம்பிளுக்கு வைத்திருக்கக்கூடிய பெரிய போட்டி ஒன்று நான்கு வாரம் முன்னதாகவே செலவாகியிருக்கும், உண்மைதான். அந்தச் செலவு நிறுவனத்தின் கணக்கில் விழுந்திருக்கும், பிக் ஈயின் கணக்கில் அல்ல.