டீசல் முள் பொய் சொன்னால்: கழுவுவதா, மாற்றுவதா?

எங்கள் பழைய டொயோட்டா ஹையேஸ் வானின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம் போகிற நாட்களில் அதுதான் வீடு. டீசல் மீற்றரின் முள் கால் டாங்கி காட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒருமுறை மாங்குளம் தாண்டி வான் நின்றுவிட்டது. டீசல் முற்றாகத் தீர்ந்தால் மறுபடி ஊற்றியவுடன் ஸ்டார்ட் வராது. குழாய்க்குள் புகுந்த காற்றைக் கைப்பம்பை அழுத்தி வெளியேற்ற வேண்டும். இருட்டில், பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அதைச் செய்த பிறகு இந்த முள்ளை நான் அலட்சியம் செய்வதில்லை.

கராஜில் கேட்டால் மூன்று வழி சொல்வார்கள்: டாங்க் யூனிட்டை (டாங்கிக்குள் மிதவையோடு இருந்து டீசல் அளவை மீற்றருக்குச் சொல்வது) கழற்றிக் கழுவலாம், பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கலாம், புதிதாகவே போடலாம். எதற்கும் காசு கொடுக்குமுன் ஒரு சோதனை. சாவியைப் போட்டு, யூனிட்டின் வயரைக் கழற்றுங்கள். எங்கள் வகை டொயோட்டாவில் முள் காலிக்கு இறங்க வேண்டும். அதே வயரைச் சின்ன பல்பு ஒன்றின் வழியாக வானின் பொடியில், அதாவது இரும்பு உடலில், தொட்டால் முள் மேலே ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீற்றரும் வயரும் சரி. நடக்காவிட்டால் எந்த யூனிட்டை மாற்றியும் பயனில்லை. எர்த் வயரையும் பாருங்கள். கடல் காற்றுப் படுகிற ஊர் இது, துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

கழுவுவதற்குச் செலவு அநேகமாக ஒரு புது வாசர்தான். மிதவையின் கை மெல்லிய கம்பிச் சுருள்மேல் உரசி ஓடுகிறது. அழுக்கு மட்டும் என்றால் கழுவினால் போய்விடும். சுருள் தேய்ந்திருந்தால் போகாது. இதை மல்ட்டிமீற்றர் காட்டிக் கொடுக்கும்: மிதவையை மெதுவாக உயர்த்தும்போது மின்தடை ஏறக்குறைய 110 ஓமிலிருந்து 3 ஓம் வரை இடைவெளியில்லாமல் இறங்க வேண்டும். கழுவிய பிறகும் நடுவில் குதித்தால் கழுவுவதை விட்டுவிடுங்கள்.

அப்புறம் பழையதா, புதியதா? பழையது ஜப்பான் சாமான், அளவு அப்படியே பொருந்தும். ஆனால் அதுவும் எங்கள் யூனிட் அளவுக்கு ஓடித் தேய்ந்ததாக இருக்கலாம், அதனால் கடை மேசையிலேயே மல்ட்டிமீற்றர் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. புதியது வேறு கம்பெனி செய்த நகல்; அதன் சுருள் தேயாதது. ஆனால் கையின் நீளமோ ஓம் அளவோ கொஞ்சம் மாறினால் முள் ஆடாமல் அசையாமல் பிழையாகக் காட்டும். ஆடுகிற முள்ளை யாரும் சந்தேகிப்பார்கள். ஆடாத பிழைதான் ஆபத்து. அதனால் நான் சோதித்த பழையதையே போட்டேன்.

டாங்கியைத் திறக்குமுன் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெற்றோல் வண்டி என்றால் வீட்டில் திறக்கவே வேண்டாம்.

எதைப் போட்டாலும் ஒரு வேலை மிச்சம். வானைச் சமதரையில் நிறுத்தி, காலி டாங்கியில் ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் நிற்கிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் எங்கள் வானில் வெயில் மறைப்பின் பின்னால் ஒட்டியிருக்கிறது.