முக்கோண ஸ்கேல் வாங்கலாமா?

வீடு கட்டப்போகும் நண்பர், பிளானில் அளவு பார்க்க முக்கோண ஸ்கேல் வாங்கலாமா என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது வாங்கியது இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது. திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு.

மூன்று முகம், முகத்துக்கு இரண்டாக 1:20, 1:25, 1:50, 1:75, 1:100, 1:125 என்று ஆறு அளவுகள். எங்கள் பிளான் 1:100, அதாவது நிஜத்தைவிட நூறு மடங்கு சிறியது; எனக்குப் பெரும்பாலும் வேண்டியது அந்த 1:100 மட்டுமே. எடுத்தவுடன் அது மட்டும் கண்ணில் படாது. உருட்டி உருட்டித் தேட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, என் ஸ்கேலில் 1:100-க்குப் பக்கத்துணையாக ஒரே முகத்தில் 1:125 இருக்கிறது. 1:50-ல் வைத்துப் பார்த்தால் 3 மீட்டர் அறை ஒன்றரை மீட்டர் என்று காட்டும், யாரும் நம்பமாட்டார்கள். 1:125-ல் வைத்தால் 3.75 மீட்டர்! பத்தடிக்குச் சற்றுக் குறைவான அறை பன்னிரண்டு அடியைத் தாண்டிவிடும். நம்பும்படியான பொய். மேஸ்திரி ஒருநாள் அப்படித்தான் படித்துச் சொல்ல, மாமியார் அந்த அறையில் பெரிய பீரோவுக்கு இடமே குறித்துவிட்டார். அன்றிலிருந்து ஸ்கேலில் ஒரு கறுப்பு பைண்டர் கிளிப் மாட்டியிருக்கிறேன். கிளிப் மேலே இருந்தால் தாளைத் தொடுவது 1:100.

நியாயமாகச் சொன்னால், சிமென்ட் தூசியில் கிடந்தும் ஒரு கோடு அழியவில்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஆள் நடக்க முடியுமா, ஃப்ரிட்ஜ் கதவு சுவரில் இடிக்குமா என்பதையெல்லாம் பிளானில் யாரும் எழுதிவைப்பதில்லை. அதற்கு இதுபோல் ஒரு சாமான் கிடையாது.

ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த ஏ3 பிளானை ஏ4 தாளில் பிரிண்ட் போட்டால் 1:100 ஏறக்குறைய 1:141 ஆகிவிடும். ஆறில் ஒன்றும் உதவாது. எழுதியிருக்கும் ஏதாவது ஒரு நீளத்தை முதலில் அளந்து, சரியாக வந்தால்தான் மற்றதைத் தொட வேண்டும். அப்புறம் மீட்டரை 3.28-ஆல் பெருக்கி அடியாக்கும் வேலை வேறு. 3.2 மீட்டர் என்றால் 10.5 அடி, அதாவது 10 அடி 6 இஞ்ச். 10 அடி 5 இஞ்ச் என்று கார்பென்டர் குறித்துக்கொள்ளாமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். 1:100 தாளில் ஒரு சென்டிமீட்டர் ஒரு மீட்டர். பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலே போதும். என்னுடையதை இரவல் கேட்டால் மட்டும் கிடைக்காது. மாடிக்கு பிளான் வரப்போகிறது.