பத்து லிட்டர் கிரைண்டரும் மூன்று கோடைகளும்

மூன்று கோடையைத் தாண்டிவிட்டது. இனி இந்த டில்டிங் கிரைண்டரைப் பற்றி எழுதலாம். வாங்கிய முதல் மாதமே எழுதியிருந்தால் வெறும் வசவாக இருந்திருக்கும்.

அதற்கு முன் எங்களிடம் இருந்தது இரண்டு லிட்டர் டேபிள் டாப். 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து, கொஞ்சம் வெந்தயம், அம்மா கையால் ஒரு பிடி கல்லுப்பு. இரவு ஒன்பதுக்குக் கரைத்து வைத்தால் விடியற்காலை ஐந்துக்குப் பொங்கி நிற்கும். மதுரை செல்லூரில் எங்கள் தெருக்காரர்கள் மாவு கேட்டு வரத் தொடங்கியதும் பெரியதை வாங்கினேன். எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கினால் முடிந்தது என்று நினைத்தேன்.

அரிசியும் உளுந்தும் கணக்குக்குக் கட்டுப்பட்டன. உப்பு கட்டுப்படவில்லை, ஐந்து பிடி அள்ளினால் ஐந்தும் ஐந்து அளவு. இப்போது தராசில் 100 கிராம் நிறுத்துப் போடுகிறேன். தண்ணீரிலும் ஏமாந்தேன். சின்னக் கிரைண்டரில் கல்லைக் கழுவி ஊற்றும் ஒரு டம்ளர், கணக்கில் வராமலே மாவில் சேர்ந்துகொண்டிருந்தது. பெரியதில் அது ஐந்து டம்ளராகவில்லை. முதல் நாள் இட்லியை எறிந்தால் மண்டை உடைந்திருக்கும்.

பெரிய பாடம் சித்திரைத் திருவிழாவில் வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள், தெருவில் எல்லார் வீட்டிலும் ஊர்ச்சனம். பன்னிரண்டு லிட்டர் மாவை ஒரே அண்டாவில் கரைத்துவைத்துவிட்டு அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்க்கப் போனேன். திரும்பியபோது நள்ளிரவு தாண்டவில்லை. மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு தரையில் வழிந்திருந்தது. உள்ளே கையை விட்டேன். ஓரத்தில் சாதாரணமாக இருந்தது, நடுவில் வெதுவெதுவென்று இருந்தது.

"சூட்டுக்கு வெளியேற வழியில்லையப்பா, பிரித்து வை" என்றார் அம்மா. அதுதான் விஷயம். மாவு கூடும் வேகத்தில் அதைச் சுற்றியுள்ள பரப்பு கூடுவதில்லை. அரைபட்டபோது ஏறிய சூடு நடுவிலேயே தங்கிவிடுகிறது. உளுந்தோடு வரும் பாக்டீரியாக்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அன்றிலிருந்து அரைப்பது மொத்தமாக, புளிக்க வைப்பது நான்கு பாத்திரங்களில், ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் போகாமல். சித்திரை, வைகாசியில் உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்கிறேன். ஐந்து மணி நேரத்தில் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மார்கழியில் அதே மாவு பத்து மணி நேரம் கேட்கும். கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பாத்திரத்தின் வெளியே மாவு மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறேன்.

கிரைண்டரைச் சொல்வதானால், கல்லில் குறையில்லை. பெல்ட்டை இரண்டு முறை மாற்றினேன். சாய்க்கும் கைப்பிடி இரண்டாம் வருடமே ஆடத் தொடங்கியது. சேவை மையத்தில் மூன்று வாரம் இழுத்தடித்தார்கள், கடைசியில் தெருமுனை வெல்டிங் பட்டறையில் அரை மணி நேரத்தில் சரியானது. கால் கிலோ உளுந்தைப் போட்டால் குழவிக்கு அகப்படாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றும். வீட்டுக்கு மட்டும் அரைக்கிற நாளில் பழைய டேபிள் டாப்பைத்தான் கீழே இறக்குகிறோம்.