ஒரு பல் போன இடத்துக்கு எது: பிரிட்ஜா, இம்பிளான்டா, கழற்றி மாட்டும் பல்லா?

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல் பலருக்கும் சீக்கிரமே போய்விடுகிறது. ஆறு வயதிலேயே முளைத்துவிடுவதால், பால்பல், விழுந்து முளைக்கும் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே இன்னொரு பல் கிடையாது. எனக்கும் அந்தப் பல்தான் வேர்வரை பிளந்து, எடுக்க வேண்டியதாயிற்று.

நிரப்ப மூன்று வழி சொன்னார்கள். இருபக்கப் பற்களையும் அராவிச் சிறிதாக்கி, மூன்று பல்லை ஒரே துண்டாக ஒட்டும் பிரிட்ஜ். தாடை எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து அதன்மேல் கேப் வைக்கும் இம்பிளான்ட். நாமே கழற்றி மாட்டும் ஒற்றைப்பல் செட். நான் போட்டுக்கொண்டது இம்பிளான்ட், அதனால் கீழே எழுதியிருப்பதில் அந்தச் சாய்வு இருக்கும்.

செலவில் செட் குறைவு, இம்பிளான்ட் அதிகம், பிரிட்ஜ் நடுவில். பிரிட்ஜ் சில நாட்களில் முடிந்துவிடும். இம்பிளான்டில் எலும்பு திருகைப் பற்றிக்கொள்ளவே பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இதெல்லாம் எந்த டாக்டரும் முதல் நாளே சொல்லிவிடுவார்.

நான் முடிவெடுத்தது வேறொரு கேள்வியை வைத்து: பின்னால் ஏதாவது கோளாறு என்றால், இதைக் கழற்றிப் பார்க்க முடியுமா?

பிரிட்ஜைப் பெரும்பாலும் முழுசாகக் கழற்ற முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பிரிட்ஜுக்குச் சொத்தை வராது, அதைத் தாங்கும் பற்களுக்கு வரும், அதுவும் கேப்பின் விளிம்பு ஈறைத் தொடும் இடத்தில். ரூட் கேனால் செய்த பல்லாக இருந்தால் வலிகூடத் தெரியாது. தாங்கும் பல் ஒன்று போனால் மொத்தப் பிரிட்ஜும் போச்சு. சுத்தம் செய்வதும் லேசில்லை. மூன்றும் ஒட்டியிருப்பதால், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூலை மேலிருந்து இறக்க முடியாது. விறைப்பான முனையுள்ள சூப்பர் ஃபிளாஸை ஊசியில் நூல் கோப்பதுபோல் பக்கவாட்டில் நுழைத்து, நடுப்பல்லின் அடியில் இழுக்க வேண்டும். தினமும் இரவில், தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரத்தில்! நான் செய்வேன் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இம்பிளான்டில் பக்கத்துப் பற்கள் தனித்தனியாகவே இருப்பதால் சாதாரண ஃபிளாஸ் போதும். இடைவெளி பெரிதாக இருந்தால் கம்பியில் பிளாஸ்டிக் பூசிய சின்ன பிரஷ். ஆனால் கழற்றும் வசதி எல்லா இம்பிளான்டிலும் இருக்காது. கேப்பை சிமென்ட் வைத்து ஒட்டுவது ஒரு வகை, திருகி மாட்டுவது இன்னொரு வகை. திருகும் வகையில் கேப்பின் மேல் ஒரு துளை இருக்கும். அதில் டெஃப்லான் டேப் வைத்து, பல் நிறப் பூச்சால் மூடிவிடுவார்கள். தேவைப்பட்டால் டாக்டர் அதைத் திறந்து, கேப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டலாம். ஒட்டும் வகையில் வழிந்த சிமென்ட் ஈறுக்கடியில் தங்கினால் அங்கே வீக்கமும் சீழும் வர அதுவே காரணமாகும். முன்பல்லுக்குத் துளை முகப்பில் தெரியலாம் என்பதால் ஒட்டுவதற்கு நியாயம் உண்டு. கடைவாய்க்கு நான் திருகி மாட்டும் வகையைத்தான் கேட்டு வாங்கினேன்.

கையோடு, பதித்த திருகின் கம்பெனி, அளவு, லாட் எண் உள்ள ஸ்டிக்கர் அட்டையையும் வாங்கிவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி திருப்புளியும் பாகங்களும் மாறும். ஊர் மாறிப்போய், என்ன வைத்தார்கள் என்றே தெரியாமல் வாயைத் திறந்தால் புது டாக்டர் பாவம் என்ன செய்வார்?

இதிலும் வில்லங்கம் உண்டு. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் ஒரு நார்த்திசு இருக்கிறது, இம்பிளான்டுக்கு அது கிடையாது. அதனால் அழுத்தம் சரியாக உறைக்காது. சுற்றியுள்ள எலும்பு கரைந்தாலும் வலிக்காமலே இருக்கலாம். பல் தேய்க்கும்போது அந்த இடத்தில் மட்டும் ரத்தம் வந்தால் அதுதான் எச்சரிக்கை. கேப் லேசாக ஆடினால் உடனே காட்ட வேண்டும். கேப்பைப் பிடித்திருக்கும் சிறு திருகு தளர்ந்த நிலையில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தால், அந்தத் திருகே உள்ளே முறியலாம். ஸ்கேலிங் செய்யும்போது இம்பிளான்ட் இருப்பதைச் சொல்லிவிடுங்கள், சாதாரண எஃகு முனை டைட்டானியத்தைக் கீறிவிடும்.

ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற டாக்டர் 1965-இல் முதன்முதலாக டைட்டானியம் இம்பிளான்ட் வைத்த நோயாளி யோஸ்டா லார்சன், 2006-இல் இறக்கும்வரை அவற்றோடுதான் சாப்பிட்டார். அது அவர் வாய். என்னுடையது இன்னும் புதுசு, பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்பதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, சிகரெட் இரண்டும் இதற்கு ஆகாது. எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள் திருகு பதிக்கும் முன்பே அதைச் சொல்லியாக வேண்டும்.

கழற்றி மாட்டும் செட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது அம்மா சொல்லித்தான். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் பட்டால் அக்ரிலிக் கோணிக்கொள்ளும், பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். கழுவும்போது கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்வார், நழுவினாலும் உடையாது. கையிலெடுத்துக் கழுவ முடிவதில் மற்ற இரண்டையும் இது தோற்கடித்துவிடும். ஆனால் ஒற்றைப்பல் செட் சின்னது. கொக்கி தளர்ந்தால் சாப்பாட்டோடு விழுங்கிவிடும் ஆபத்து இருப்பதால் எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்துப் பற்கள் இரண்டும் ஏற்கெனவே பெரிதாக அடைக்கப்பட்டு, எப்படியும் கேப் போட வேண்டிய நிலையில் இருந்தால் கதை மாறும். அப்போது பிரிட்ஜில் நல்ல பல்லை அராவும் நஷ்டமே இல்லை. நானும் அதைத்தான் போட்டிருப்பேன், சூப்பர் ஃபிளாஸைச் சபித்துக்கொண்டே.